கீசருக்குள் ஒரு மக்னீசியக் கோல்

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு யந்திரங்களின்பால் உள்ள பிரியம் ஊரறிந்தது. கிணற்று மோட்டாரின் ஓசையில் இம்மியளவு மாறுதல் தோன்றினாலும், பேரிங் தேய்ந்துவிட்டதென்று படுக்கையில் இருந்தபடியே கண்டுகொண்டு, பொழுது சாய்வதற்குள் அதைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பிவிடும் அதே மனிதர்கள், குளியலறைச் சுவரில் தொங்கும் கீசரை மட்டும், மாட்டிய நாள் முதல் ஒழுகத் தொடங்கும் நாள் வரை ஏறெடுத்தும் பாராதிருப்பது எனக்கு என்றும் ஆச்சரியமான விஷயம்.

இவர்களுடைய பாட்டிமார் இத்தனை அசிரத்தையாக இருந்ததில்லை. புறக்கடையில் பருத்திமாரும் தேங்காய்த் தொட்டியும் எரிய, அதன்மேல் கொதித்துக் கிடந்த செப்புப் பாய்லரை, நோன்பு நொடி வருமுன் இறக்கி, உள்ளும் புறமும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தார்கள். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் களிம்பை மட்டுமன்றி, உள்ளே படிந்த சுண்ணாம்பையும் கரைக்கும் என்ற ரசாயனம் அறியாமலே அவர்கள் செய்த இந்தக் காரியத்தால், அந்தப் பாத்திரம் மாமியாருக்குப் பின் மருமகளுக்கும் உழைத்தது.

கொங்கு நாட்டு வீட்டில் தண்ணீர் இரண்டு வகை: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. ஆர்.எஸ். புரத்துக்குத் தம் பெயரைத் தந்த ரத்தினசபாபதி முதலியாரின் முயற்சியால் நகருக்கு வந்த சிறுவாணி ஜலம், மழைக்காட்டில் பிறந்து பாறைமேல் ஓடி வருவதாகையால் தாதுக்கள் மிகக் குறைந்தது. அது உலகிலேயே இரண்டாவது சுவையான நீரென்று கோவைவாசி பெருமை பேசுவார். முதலாவது எது என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். அந்த நீர் பாயும் வீட்டுக் கீசருக்கு ஆயுள் கெட்டி. சிறுவாணியும் பில்லூர் அணை நீரும் போதாத புறநகர் அடுக்ககங்களின் நிலையோ வேறு. அங்கே ஆயிரம் அடிக்கும் கீழே போர் போட்டு எடுக்கும் நீரில், மதுக்கரையில் சிமெண்டுக்காக வெட்டியெடுத்த சுண்ணாம்புக்கல்லின் இனமே கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து வருகிறது. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம், வேறு நீர் கிடைக்காவிடில் 600 வரை பொறுக்கலாம் என்பது இந்திய தர நிர்ணயம். குடிப்பவர் பொறுத்தாலும் கீசர் பொறுப்பதில்லை.

காரணம், சூட்டில் கூடுதலாகக் கரையும் சர்க்கரையைப் போலன்றி, சுண்ணாம்பு உஷ்ணம் ஏற ஏற நீரைவிட்டுப் பிரிந்து, எங்கே சூடு மிகுதியோ அங்கேயே, அதாவது காயிலின் மேலேயே, ஓடாக ஒட்டிக்கொள்ளும் சுபாவமுடையது. பீளமேட்டில் ஒரு வீட்டில் மெக்கானிக் அடித்தட்டைக் கழற்றியபோது பார்த்தேன்: முட்டையோட்டை நொறுக்கிக் கொட்டியதுபோல் இரண்டு கை வெள்ளைச் சில்லுகள் விழுந்தன, காயில் இருந்த இடத்தில் விரல் பருமனுக்கு ஒரு சுண்ணாம்புக் கட்டி, அதன் பக்கத்தில், தடித்த கோல் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில், துருப்பிடித்த கம்பி ஒன்று மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கோல்தான் விஷயத்தின் மர்மம். கடல்நீரில் அரிக்கப்பட்ட போர்க்கப்பல்களின் செப்புத் தகட்டோடு, அதைவிட எளிதில் அரியும் இரும்பையோ துத்தநாகத்தையோ பிணைத்துவிட்டால், அரிப்பை அதுவே ஏற்றுக்கொண்டு செம்பைக் காக்கும் என்று ஹம்ப்ரி டேவி 1824-இல் இங்கிலாந்தில் நிரூபித்தார். கீசரில் இந்தப் பணியை மக்னீசியம் செய்கிறது. தொட்டியின் உட்புறத்துக் கண்ணாடிப் பூச்சில் மயிரிழை விரிசல் கண்டாலும், எஃகுக்குப் பதிலாகக் கோல் கரைகிறது. அது தீர்ந்த மறுநாள் தொட்டியின் முறை வருகிறது.

ஆகவே, போர்த் தண்ணீர் வீட்டில் வருஷம் ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்து, நீரை ஆறவிட்டு வடித்து, காயிலைச் சிட்ரிக் அமிலம் கரைத்த நீரில் ஊறவைத்து, கோல் பாதிக்குமேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுவது உத்தமம்; கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டை இதற்குப் பிரயோகிப்பது, சுண்ணாம்போடு உலோகத்தையும் தின்னக் கொடுப்பதாகும். தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு மேல் வைக்க அவசியமில்லை. சாஃப்ட்னர் பொருத்தியவர் சுண்ணாம்பிலிருந்து தப்பினாலும் கோலை மறக்கலாகாது, அந்நீரில் மக்னீசியம் இன்னும் விரைவாகக் கரைவதுண்டு. கீசரின் அழுத்தம் தணிக்கும் வால்வில் நீர் சொட்டுகிறதென்று அதை அடைத்துவிடும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. 25 லிட்டர் நீர், 25 டிகிரியிலிருந்து 60-க்குச் சூடாகும்போது ஏறத்தாழ 350 மில்லி பெருகுகிறது, அது வெளியேற வேறு வழி இல்லாவிடில் தொட்டியைத்தான் பிளக்கும்.

தொட்டியே ஒழுகிவிட்டால், லேத்துக்கும் வெல்டிங்குக்கும் பேர்போன இந்த ஊரிலும் பரிகாரமில்லை. பற்றவைக்கும் சூட்டில் உட்பூச்சு உதிர்ந்துவிடும். புதிது வாங்கும்போதாவது, நிறத்தையும் விலையையும் விசாரிப்பதற்கு முன்னால், மக்னீசியக் கோல் தனியே கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டு வையுங்கள்.