அடுக்கின்மேல் மாற்றீடு

அடுக்கின்மேல் மாற்றீடு என்பது, இயங்கிக்கொண்டிருக்கும் செயற்கூறு முடியும்வரை காத்திராமல், இடையிலேயே அதன் நிரலை வேறொரு வடிவத்தால் மாற்றும் நுட்பமாகும். ஜஸ்ட் இன் டைம் எனப்படும் உடனடித் தொகுப்பிகளில் இது பயன்படுகிறது. 1990களில் செல்ஃப் மொழியின் செயலாக்கத்தில் இடம்பெற்ற இந்நுட்பம், 1999இல் வெளியான ஜாவாவின் ஹாட்ஸ்பாட் மெய்நிகர் பொறியினால் பரவலாயிற்று.

ஒரே ஒருமுறை அழைக்கப்பட்டு, கோடிமுறை சுழலும் மடக்கு ஒன்றைக் கருதுக. அச்செயற்கூறு மீண்டும் அழைக்கப்படாததால், மாற்றீடு இல்லையெனில் இறுதிவரை மெதுவான வரிமொழிமாற்றியிலேயே ஓடும். ஹாட்ஸ்பாட் மடக்கின் சுற்றுகளை எண்ணி, வரம்பைக் கடந்ததும் புதிய நிரலைத் தொகுத்து, மாறிகளின் அப்போதைய மதிப்புகளை அதற்கு மாற்றுகிறது.

செயல்திறன் மதிப்பீட்டில் இது பலரை ஏமாற்றுவதுண்டு. மடக்கின் நடுவில் நுழையுமாறு தொகுக்கப்படும் நிரல், முதலிலிருந்து தொகுக்கப்படும் நிரலைப்போல எப்போதும் செம்மையாக அமைவதில்லை. உள்ளமை மடக்குகளில் வேறுபாடு மிகலாம். எனவே மெயின் செயற்கூற்றினுள்ளேயே மடக்கை எழுதி நேரம் அளப்பவர், உண்மைப் பயன்பாட்டில் ஓடாத நிரலையே அளந்திருக்கக்கூடும். சோதிக்கும் பகுதியைத் தனிச் செயற்கூறாக்கிப் பலமுறை அழைத்து, தொடக்கச் சுற்றுகளை விலக்கி அளப்பதே முறையாகும். பிரின்ட்கம்பைலேசன் தெரிவை இயக்கினால், இவ்வாறு மாற்றப்பட்டவை % குறியுடன் காட்டப்படும்.