முழுப் படத்தை யார் பார்க்கிறாங்க? தேசியப் பாதுகாப்பு கவுன்சில் பற்றி ஒரு அறிமுகம்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் செய்தவர்களுக்கு இந்த வலி தெரியும். சென்சார் ஒருத்தர், கோடிங் ஒருத்தர், ரிப்போர்ட் ஒருத்தர்னு பிரிச்சுக்குவோம். தனித்தனியா எல்லாம் நல்லா ஓடும். ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி சேர்த்துப் பார்த்தா எதுவுமே ஓடாது. யாரும் வேலை செய்யாம இல்லை. சேர்க்கிற வேலையை யாருக்கும் கொடுக்கலை, அவ்வளவுதான்.

ஒரு நாட்டின் பாதுகாப்பிலும் இதே சிக்கல் உண்டு. எல்லையை ராணுவம் பார்க்கிறது. வெளிநாட்டு உளவு 'ரா'விடம், உள்நாட்டு உளவு ஐ.பி.யிடம். தூதரகங்கள் வெளியுறவு அமைச்சகத்தின் கீழ். செலவுக்குப் பணம் நிதி அமைச்சகத்திடம். ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு இருக்கும். எல்லாத் துண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்க ஓர் இடம் வேணும். அதுதான் தேசியப் பாதுகாப்பு கவுன்சில்.

அமெரிக்கா இதை 1947-லேயே சட்டம் போட்டு உருவாக்கியது. இந்தியாவில் 1990-இல் வி.பி. சிங் அரசு தொடங்கிய கவுன்சில் நிலைக்கவில்லை. பொக்ரான் அணுகுண்டு சோதனை நடந்த 1998-ஆம் ஆண்டு, நவம்பரில் வாஜ்பாய் அரசு இன்றைய கவுன்சிலை அமைத்தது.

அமைப்பு இப்படி: பிரதமர் தலைவர். பாதுகாப்பு, உள்துறை, வெளியுறவு, நிதி அமைச்சர்கள் உறுப்பினர்கள். தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் அதன் செயலாளர். கீழே வியூகக் கொள்கைக் குழு ஒன்று இருக்கிறது. முப்படைத் தளபதிகள், உளவு அமைப்புகளின் தலைவர்கள், துறைச் செயலாளர்கள் அதில் இருக்காங்க. ரிசர்வ் வங்கி கவர்னர்கூட உண்டு! அரசுக்கு வெளியே உள்ள நிபுணர்களுக்கு ஓர் ஆலோசனை வாரியம். அன்றாட வேலைக்கு ஒரு செயலகம்.

இங்கே பலரும் குழம்புவாங்க. கவுன்சில் முடிவெடுக்கும் இடம் இல்லை. முடிவு எடுப்பது அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு. இரண்டிலும் ஏறக்குறைய அதே ஆட்கள்தான், ஆனா வேலை வேற. கவுன்சில் தகவலைச் சேர்த்து, அலசி, நீண்ட காலத்துக்கு யோசிக்கும். அமைச்சரவைக் குழு 'செய்' அல்லது 'வேண்டாம்' என்று சொல்லும்.

சேர்க்கலைன்னா என்ன ஆகும்? கவுன்சில் உருவாகி ஆறு மாசத்தில், 1999 மே மாதம், கார்கில் மலைகளில் ஊடுருவல் நடந்திருப்பதை உள்ளூர் மேய்ப்பர்கள்தான் முதலில் பார்த்துச் சொன்னாங்க. அந்தப் போரில் 527 இந்திய வீரர்கள் இறந்தார்கள். பிறகு அமைக்கப்பட்ட ஆய்வுக் குழுவின் தலைவர், திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம். வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் அப்பா. அமைப்புகளுக்குள் தகவலைப் பகிர்ந்து ஒருங்கிணைப்பதில் இருந்த ஓட்டையை அந்தக் குழு சுட்டிக்காட்டியது. இன்னொன்றும் சொன்னது: ஆலோசகர் பதவி முழுநேர வேலையாக இருக்கணும். ஏன்னா, முதல் ஆலோசகரான பிரஜேஷ் மிஸ்ரா அப்போது பிரதமரின் முதன்மைச் செயலாளராகவும் இருந்தார். கவுன்சில் காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாதுன்னு அப்போதுதான் புரிந்தது.

'இதெல்லாம் டெல்லி விஷயம், நமக்கென்ன?'ன்னு கேட்கலாம். உங்க போனில் சிக்னல் வருதில்லையா? 2021 ஜூன் 15 முதல், டெலிகாம் கம்பெனிகள் தங்கள் நெட்வொர்க்கில் புதிதாகச் சேர்க்கும் கருவிகள் 'நம்பகமானவை' என்ற அனுமதி பெற்றிருக்கணும். அந்த அனுமதியைக் கொடுப்பவர் கவுன்சில் செயலகத்தில் உள்ள தேசிய சைபர் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர். ஈ.சி.ஈ. படிச்சு டெலிகாம் பக்கம் போறவங்க இந்தப் பெயரைக் கட்டாயம் கேள்விப்படுவீங்க.

கடைசியா ஒரு கேள்வி. இந்தியாவில் இந்தக் கவுன்சிலுக்கென நாடாளுமன்றம் போட்ட தனிச் சட்டம் இல்லை. அரசின் தீர்மானத்தால் உருவானது. 2018-இல் வியூகக் கொள்கைக் குழுவின் தலைமை, அமைச்சரவைச் செயலாளரிடமிருந்து ஆலோசகரிடம் வந்தது. 2019-இல் அஜித் தோவலுக்கு கேபினட் அமைச்சர் அந்தஸ்து கிடைத்தது. ஆனா ஓர் அமைச்சரைப் போல அவர் நாடாளுமன்றத்தில் எழுந்து பதில் சொல்ல வேண்டியதில்லை. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு பதவி விலகியவர் உள்துறை அமைச்சர் சிவராஜ் பாட்டீல். அன்றைய ஆலோசகர் எம்.கே. நாராயணன் 2010 வரை பதவியில் இருந்தார்.

இதுக்கு எதிர்வாதமும் உண்டு. ரகசியமா, வேகமா நடக்க வேண்டிய வேலையை அவையில் விவாதிக்க முடியுமா? அமெரிக்காவிலும் ஆலோசகரை நியமிக்க செனட் ஒப்புதல் தேவையில்லை. நியாயம்தான். ஆனா துண்டுகளைச் சேர்க்கும் இடத்தில் அதிகாரமும் சேரும். அதுக்குக் கணக்குக் கேட்க ஒரு வழி இருக்கணும்னு எனக்குத் தோணுது.

அடுத்த தடவை டிவியில் 'பாதுகாப்பு ஆலோசனைக் கூட்டம்'னு ஸ்க்ரோல் ஓடினா இரண்டு விஷயம் பாருங்க. கூடினது கவுன்சிலா, அமைச்சரவைக் குழுவா? அங்கே எடுத்த முடிவுக்கு நாடாளுமன்றத்தில் பதில் சொல்லப் போறது யார்?