கல்யாணப் புடவையில் எழுதிய சித்திரம்: கோடாலிக் கருப்பூர்

தென்காசி, குற்றாலம் பக்கம் இப்போ கல்யாண ஜவுளிப் பேச்சு எடுத்தாலே "ஹேண்ட் பெயிண்டட்" என்ற வார்த்தையும் கூடவே வந்துருது. முந்தியில மயில், ரவிக்கை முதுகுல மாப்பிள்ளை பொண்ணு உருவம், கரையில கொடி. "இதே மாதிரி இன்னொண்ணு உலகத்துலயே கிடையாது" என்பதுதான் விற்பனை வசனம். பலரும் இதைப் புது ஃபேஷன் என்று நினைக்கிறாங்க. ஆனால் இங்கிருந்து ஒரு ராத்திரி பஸ் பயண தூரத்தில், கொள்ளிடக் கரையில், கல்யாணத்துக்காகவே கையால் சித்திரம் எழுதிய புடவைகளைச் செய்த ஊர் ஒன்று இருக்கு. கோடாலிக் கருப்பூர். இன்றைய அரியலூர் மாவட்டம்.

தஞ்சை மராத்திய மன்னர்களின் அரண்மனைக்காக அங்கே புடவை, வேட்டி, தலைப்பாகைத் துணி எல்லாம் தயாராச்சு. இரண்டாம் சரபோஜி (1798–1832), அவர் மகன் இரண்டாம் சிவாஜி (1832–1855) காலம்தான் அதன் உச்சம். அரச குடும்பத்துக் கல்யாணங்களில் மணப்பெண் உடுத்தியது இதைத்தான். பரோடா, கோலாப்பூர், சதாரா போன்ற மராத்திய அரச வீடுகளுக்கும் போயிருக்கு. கடையில் யாரும் போய் வாங்க முடியாது.

இதில் என்ன விசேஷம்? ஒரே துணியில் ரெண்டு கைவேலை. முதலில் நெசவாளர் பருத்தித் துணியில் பூ வரவேண்டிய இடத்தில் மட்டும் ஜரிகையைக் கோத்து நெய்வார். டாக்கா ஜம்தானி பாணி. அப்புறம் அந்தத் துணி எழுதுகிறவர் கைக்குப் போகும். அவர் உருக்கிய மெழுகால் மெல்லிய கோடுகளை இழுத்து, ஜரிகைப் பூவைச் சுற்றி வடிவம் எழுதுவார். பிறகு சாயம். மெழுகு இருந்த இடம் வெளுப்பாக நிற்கும். மற்ற இடமெல்லாம் ஆழ்ந்த சிவப்பு. சிவப்புக்கு நடுவில் ஜரிகை பளீரென்று அடிக்காது, பழைய செப்புப் பாத்திரம் மாதிரி அடங்கி மின்னும். பூ எங்கே வரும் என்பது தறியில் உட்காரும்போதே முடிவாகிவிட வேண்டும். நெசவாளரும் எழுதுகிறவரும் ஒரே கணக்கில் இருக்கணும். ஒருத்தர் பிசகினாலும் அந்தத் துணி போச்சு. அன்டூ பட்டன் கிடையாது.

இங்கே ஒரு சின்ன வார்த்தை விஷயம். தமிழில் சித்திரத்தை "வரைவது" மட்டுமில்லை, "எழுதுவது" என்றும் சொல்வோம். கலம்காரி என்பதும் அதேதான்: பாரசீகத்தில் கலம் என்றால் பேனா, காரி என்றால் வேலை. மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி, மேலே துணியோ கம்பளியோ சுற்றி நூலால் கட்டியிருப்பார்கள். அந்தச் சுற்று மையைக் குடித்து வைத்துக்கொள்ளும். விரலால் அமுக்கினால் இறங்கும். பழைய ஃபவுண்டன் பேனா மாதிரி.

இனி சாயத்துக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. கலம்காரியில் சிவப்பை யாரும் துணியில் பூசுவதில்லை! பூசுவது படிகாரக் கரைசலை. அதுக்கு நிறமே கிடையாது. எழுதும்போது கோடு தெரியணுமே என்பதற்காக ஏதாவது கொஞ்சம் கலந்துக்குவாங்க. எழுதிக் காயவிட்டு, சாயவேர் போட்ட தண்ணீரில் துணியைக் கொதிக்க வைப்பார்கள். அந்த வேரில் உள்ள அலிசரின் படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் பிணைந்து நிலையான சிவப்பாகும். பிணைப்பு இல்லாத இடத்தில் ஒட்டியது ஓடும் தண்ணீரிலும் வெயிலிலும் போய்விடும். கருப்பும் இப்படித்தான். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாள்கணக்காகப் புளிக்க வைத்த கரைசல் அது. துணியை ஏற்கனவே கடுக்காயில் ஊறவைத்திருப்பதால், கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த இடம் கருத்துப் போகும். கடுக்காயோடு எருமைப்பாலும் சேர்ப்பார்கள். பாலில் உள்ள கொழுப்பு, கோடு கசிந்து பரவாமல் பிடித்துக்கொள்ளும்.

நீலத்துக்கு வேறு வழி. நீலம் வேண்டாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் முக்கணும். பச்சைக்கு அந்த நீலத்தின் மேலே மஞ்சள் நிறம் தீட்டணும். மஞ்சள்தான் முதலில் வெளுத்துப் போகும். அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய சோழமண்டலத் துணிகளில் இலைகள் பல நீலமாக இருப்பது அதனால்தான். எழுதியவருக்கு நீல இலை மேல் ஆசையெல்லாம் இல்லை.

இந்தத் துணிகள் கடல் தாண்டியும் கல்யாண உடையாகி இருக்கு. நம்ம பாட்டிகள் சொன்ன "சீட்டித் துணி"தான் டச்சுக்காரர்களுக்கு சிட்ஸ், ஆங்கிலேயர்களுக்கு சின்ட்ஸ். பிரான்ஸ் 1686-ல் இதைத் தடை செய்து 1759 வரை வைத்திருந்தது. இங்கிலாந்து 1701-லும் 1721-லும் சட்டம் போட்டு 1774-ல்தான் தளர்த்தியது. உள்ளூர் நெசவுத் தொழில் படுத்துவிடும் என்ற பயம்தான். டச்சுக்காரர்கள் தடை போடலை. அதனால் ஃப்ரீஸ்லாந்தில் ஹிண்டலோப்பன் என்ற சின்னக் கடலோர ஊரில், பெண்களின் நீண்ட மேலங்கிக்கு இந்தியச் சீட்டி வழக்கமாகிவிட்டது. விசேஷத்துக்குச் சிவப்பு, துக்கத்துக்கு நீலம் என்று அதிலேயே ஒரு கணக்கு. தூத்துக்குடியே 1658-லிருந்து டச்சுக்காரர் கையில்தான் இருந்தது என்பதையும் சேர்த்து யோசிச்சுப் பாருங்க.

கருப்பூருக்கு என்ன ஆச்சு? 1855-ல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனி தஞ்சையின் அரச பதவியையே முடித்து வைத்தது. ஒரே வாடிக்கையாளரை நம்பி நடந்த தொழில், அந்த வாடிக்கையாளர் போனதும் தானும் போச்சு. 1868-ல் ஜெர்மனியில் அலிசரினைச் செயற்கையாகத் தயாரித்த பிறகு சாயவேருக்கும் மதிப்பில்லை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும், அகமதாபாத் காலிகோ அருங்காட்சியகத்திலும் அந்தப் புடவைகளைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம்.

இதையெல்லாம் நான் தோண்ட ஆரம்பிச்சதே அண்ணன் மகளால்தான். "சித்தப்பா, கலம்காரி, கையால் வரைஞ்சதுன்னு போட்டுருக்கு, நம்பலாமா?" என்று ஒரு போட்டோ அனுப்பினாள். விலை, ஒரு மாசச் சம்பளம். போட்டோவை ஜூம் பண்ணிப் பார்த்தால் ஒவ்வொரு மயிலுக்கும் மூணாவது இறகில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி உடைசல். கை ஒரே தப்பை ஒரே இடத்தில் பத்து தடவை பண்ணாது. அது ஸ்கிரீன் பிரிண்ட்.

இன்னொரு குழப்பமும் உண்டு. மசூலிப்பட்டினக் கலம்காரி மர அச்சால் கையால் பதிப்பது. அது போலி இல்லை, நல்ல வேலை. ஆனால் அதே அச்சில் நூறு புடவை வரும். ஸ்ரீகாளஹஸ்திக் கலம்காரிதான் பேனாவால் எழுதுவது. கடையில் ரெண்டுக்கும் பேர் ஒண்ணுதான்.

இங்கே உள்ளூரில் பெண்கள் வீட்டிலிருந்து செய்து கொடுக்கும் ஃபேப்ரிக் பெயின்டிங் மூணாவது ரகம். அது உண்மையிலேயே கைவேலை, உண்மையிலேயே ஒண்ணுதான் இருக்கும். ஆனால் அக்ரிலிக் வண்ணம் நூலுக்குள் இறங்காது, மேலே படலமாக ஒட்டும். குற்றாலம் சித்திர சபைச் சுவரில் வண்ணம் சுண்ணாம்பு மேல் இருக்கே, அந்த மாதிரி. சுவரை யாரும் மடிக்கிறதில்லை, புடவையை மடிக்கணும். தடித்துப் பூசினால் மடிப்பில் விரியும். அதனால் வாங்கும்போது உள்பக்கம் திருப்பிப் பாருங்க, தொட்டுப் பாருங்க. வரைந்ததைக் காயவிட்டு, பின்பக்கமாக இஸ்திரி போட்டு வண்ணத்தைப் பிடிக்க வைத்தார்களா என்று கேளுங்க. உண்மையான கலம்காரி வேண்டுமென்றால் வாரக்கணக்கில் முன்னாடியே சொல்லணும். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னால் போய் நின்றால் கிடைக்காது.

அண்ணன் மகள் கடைசியில் தென்காசியிலேயே ஒரு அக்காவிடம் ரவிக்கைக்கு மட்டும் வரையக் கொடுத்துட்டாள். புடவை, சாதாரணப் பட்டு. எனக்கு அது சரியான முடிவாகத்தான் படுது.

கருப்பூர் எழுத்து முழுசாகச் சாகலை. கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் தொம்பை, தோரணம், குடை என்று கோயில் துணிகளில் அது தொடருது. கருப்பூர் கலம்காரி ஓவியத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைச்சுது. தேர்த் தொம்பையை அவர்கள் எழுதுவார்கள். ஜரிகைப் பூவைச் சுற்றி மெழுகுக் கோடு இழுக்கும் அந்தப் புடவைக்கு, எழுதுகிறவர் மட்டும் போதாது. அதே கணக்கில் தறியில் உட்கார ஒரு நெசவாளரும் வேணும்.