மனை பிரிக்கும்போதே வெயிலையும் அளக்கலாம்

வடசென்னை, வல்லூர் ஆகிய இரண்டு அனல்மின் நிலையங்களையும் சேர்த்தால், சென்னைக்கு வடக்கே உள்ள அத்திப்பட்டைச் சுற்றி 4,000 மெகாவாட்டுக்கு மேல் மின்சாரம் தயாரிக்கலாம். நிலக்கரி வந்து இறங்குவதும் இங்கேதான், சாம்பல் குவிவதும் இங்கேதான். அதே ஊரின் மொட்டைமாடிகளில் விழும் வெயில் பெரும்பாலும் வடாம் காயவைக்கத்தான் பயன்படுகிறது.

சூரிய ஒளி வீடு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2011-இல் தொடங்கிய முதலமைச்சரின் பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய் ஒதுக்கி, சூரிய சக்தியில் எரியும் 5 விளக்குகளையும் அரசு கொடுத்தது. 2024-இல் வந்த மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. இரண்டிலும் கவனம் கூரையோடு நின்றுவிட்டது. அந்தக் கூரைக்கு வெயில் கிடைக்குமா என்பதை முடிவு செய்வதோ மனைப்பிரிவின் வரைபடம்.

ஒரு கிலோவாட் சோலார் பேனலுக்கு நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி வேண்டும். நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். மார்கழி நண்பகலில் நம் பக்கத்துச் சூரியன் தெற்கே சாய்ந்து, ஏறத்தாழ 53 டிகிரி உயரத்தில் நிற்கும். தெற்குப் பக்கத்து வீட்டுக்காரர் நம்மைவிட ஒரு மாடி கூடுதலாக எழுப்பினால், நடுப்பகலிலேயே 7 அடிக்கு மேல் நிழல் நம் மாடியில் படுக்கும். ஒரு பேனலின் மூலையில் நிழல் பட்டாலும், அதோடு தொடராக இணைத்த மற்ற பேனல்களின் உற்பத்தியும் குறையும். நிழல் நம் மாடியிலிருந்தும் வரும்; தண்ணீர் டேங்க்கையும் படிக்கட்டு அறையையும் மாடியின் வடக்கு ஓரத்தில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். இதற்குக் கூடுதல் செலவும் இல்லை. அனல்மின் நிலையத்துப் பக்கத்தில் சாம்பல் படிவதால் பேனலை அடிக்கடி கழுவ வேண்டியிருப்பது தனித் தலைவலி.

பேனலைவிட முக்கியம் சுவர். சித்திரை மாத மாலையில் மேற்குச் சுவரின் உட்புறத்தில் கை வைத்துப் பாருங்கள். அந்தச் சூடு இரவு வெகுநேரம் படுக்கையறையில்தான் இறங்கும், மின்விசிறி அதையே சுற்றி அடிக்கும். நீளச் சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்த்து, குட்டைச் சுவர்கள் கிழக்கு மேற்கில் இருந்தால் வீட்டுக்குள் வரும் வெப்பம் குறையும். இருபதுக்கு ஐம்பது மனை கிழக்குப் பார்த்து அமைந்தால் இது தானாகவே நடந்துவிடும். பிற்பகல் கடற்காற்றும் நேரே வாசலுக்கு வரும். கிழக்கு வாசலுக்காகக் கூடுதல் விலை கொடுக்கும் வாஸ்து நம்பிக்கையாளர்களோடு இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சண்டை இல்லை. பின்பக்க மேற்குச் சுவரை ஒட்டிக் குளியலறையை வைத்துவிட்டால் போதும்.

2019 கட்டட விதிகள் பெரிய அடுக்குமாடிகளின் மொட்டைமாடியில் மூன்றில் ஒரு பங்கைச் சோலாருக்கு ஒதுக்கச் சொல்கின்றன. ஆனால் அத்திப்பட்டுப் பக்கம் எழும்புபவை பெரும்பாலும் தனி வீடுகள். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் எல்லை 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. பக்கத்து மீஞ்சூருக்குப் புதுநகர்த் திட்டமும் அறிவிக்கப்பட்டது. தெரு எந்தத் திசையில் ஓட வேண்டும், தெற்கு மனையில் எத்தனை மாடி வரை கட்டலாம் என்று இப்போது வரைபடத்தில் எழுதினால் ஆகும் செலவு மை மட்டும்தான். தார் போட்ட பிறகு தெருவைத் திருப்ப எந்த மானியத்தாலும் முடியாது.