இரண்டு சிகரங்களும் ஒரு வைப்புத்தொகையும்

திருப்பதியிலுள்ள எங்கள் கிளைக்குச் சில மாதங்களுக்கு முன்னர் இருபத்தேழு வயதுடைய வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். உடன் அவருடைய தந்தையாரும் வந்திருந்தார். சித்தூரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தந்தையாரின் பெயரிலுள்ள நிரந்தர வைப்பை முதிர்வுக் காலத்திற்கு முன்பே முடித்து, அத்தொகையை மலையேற்றப் பயண நிறுவனம் ஒன்றிற்கு முன்பணமாகச் செலுத்த வேண்டும் என்பதே அவர்களது கோரிக்கை. ஒரே பயணத்தில் எவரெஸ்ட், லோட்சே ஆகிய இரு சிகரங்களிலும் வழிகாட்டிகளின் துணையோடு ஏறும் குழுவில் மகனுக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. பணம் கட்ட ஒரு வார அவகாசமே இருந்தது.

வைப்பை முடித்துக்கொள்வது வாடிக்கையாளரின் உரிமை. அதில் நாங்கள் குறுக்கிட இயலாது. “பிள்ளை ஆசைப்படுகிறான், சார். பணம் வேறு எதற்கு?” என்றார் தந்தையார். எனினும், நிறுவனம் அனுப்பிய ஒப்பந்தத்தை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டோம். அதை மேசைமேல் வைத்துக்கொண்டு மூவரும் பேசிய செய்திகளை, இத்தகைய பயணத்தை எண்ணியிருக்கும் பிற வாடிக்கையாளர்களுக்கும் பயன்படும் என்று கருதி இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஒரே வழி, இரண்டு உச்சிகள்

எவரெஸ்டின் உயரம் 8,848.86 மீட்டர். அதனை அடுத்து நிற்கும் லோட்சே 8,516 மீட்டர் உயரமுடையது. உலகின் நான்காவது உயர்ந்த சிகரம். எவரெஸ்டில் 1953 மே 29 அன்று டென்சிங் நார்கேயும் எட்மண்ட் ஹிலாரியும் முதன்முதலாக ஏறினர். லோட்சேயில் 1956 மே 18 அன்று சுவிட்சர்லாந்து நாட்டினர் இருவர் ஏறினர்.

நேபாளத்தின் பக்கமிருந்து ஏறுவோருக்கு இரு சிகரங்களின் வழியும் நெடுந்தூரம் ஒன்றே. ஏறத்தாழ 5,360 மீட்டர் உயரத்திலுள்ள அடிவார முகாம், கும்பு பனியருவி, முதல் இரு முகாம்கள், செங்குத்தான லோட்சே பனிச்சுவர், அதன் நடுவே மூன்றாம் முகாம் ஆகியவை இரண்டிற்கும் பொது. அதற்கு மேலேதான் வழி பிரிகிறது. எவரெஸ்டிற்குச் செல்வோர் இடப்புறம் திரும்பி, சுமார் 7,900 மீட்டரிலுள்ள தெற்குக் கணவாயை அடைவர். லோட்சேக்குச் செல்வோர் அதே பனிச்சுவரில் நேரே மேலேறுவர்.

இதனால்தான் பயண நிறுவனங்கள் இரண்டையும் ஒரே தொகுப்பாக வழங்குகின்றன. உடலை உயரத்திற்குப் பழக்கும் வாரங்கள், கூடாரங்கள், சமையற்காரர், பனியருவியில் ஏணி கட்டுவோரின் உழைப்பு அனைத்தும் ஒருமுறை செலவிட்டால் போதும். இரண்டாம் சிகரத்திற்கான கூடுதல் கட்டணம் முதலாவதோடு ஒப்பிடுகையில் சிறிதாகத் தெரியும். மேற்கு வங்கத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை பியாலி பசாக், 2022 மே 22 அன்று எவரெஸ்டிலும் இரண்டே நாள்களில் லோட்சேயிலும் ஏறினார். ஆகவே இது நடவாத காரியமன்று. ஆனால், கட்டணம் சிறிது என்பதால் உடல் செலுத்தும் விலையும் சிறிது என்று எண்ணிவிடக் கூடாது.

உரிமக் கட்டணம் மட்டும் எவ்வளவு?

வெளிநாட்டினர் தெற்குப் பக்கமாக எவரெஸ்டில் ஏறுவதற்கு நேபாள அரசு வசூலிக்கும் உரிமக் கட்டணம், வசந்தப் பருவத்தில் முன்பு 11,000 அமெரிக்க டாலராக இருந்தது. 2025 செப்டம்பர் முதல் அது 15,000 டாலராக உயர்ந்துள்ளது. லோட்சேக்குரிய கட்டணம் 1,800 டாலரிலிருந்து 3,000 டாலராயிற்று. ஆக இரண்டிற்கும் 18,000 டாலர். ஒரு டாலர் 85 ரூபாய் என்று கொண்டால் இது 15 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய்; 90 ரூபாயானால் 16 லட்சத்து 20 ஆயிரம். டாலரின் மதிப்பு ஒரு ரூபாய் கூடினால், உரிமத்தில் மட்டும் 18,000 ரூபாய் கூடும்.

மாதம் 20,000 ரூபாய் வீதம் ஐந்தாண்டுகள் தொடர் வைப்பில் செலுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 6.5 விழுக்காடு வட்டி எனில் முதிர்வில் ஏறக்குறைய 14 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் கிடைக்கும். ஐந்தாண்டுச் சேமிப்பு, உரிமக் கட்டணத்திற்கே போதவில்லை. ஷெர்பாக்களின் ஊதியம், ஆக்சிஜன், உணவு, உடை, காப்பீடு, காத்மாண்டு செல்லும் செலவு ஆகியவை இதற்கு மேல். தந்தையாரின் வைப்புத்தொகை முன்பணத்திற்குத்தான் போதுமானதாக இருந்தது. மீதிக்குத் தனிநபர் கடன் பெறலாம் என்று மகன் எண்ணியிருந்தார். பயணம் இரண்டு மாதம், தவணையோ ஐந்தாண்டு. அந்த இரண்டு மாதங்களுக்கு ஊதியமற்ற விடுப்பு என்பதையும் அவர் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

இறங்கி வருவதற்கான இருப்பு

அடுத்து நாங்கள் கேட்டது ஆக்சிஜன் பற்றி. எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. 8,000 மீட்டருக்கு மேல் மனித உடல் எத்தனை நாள் தங்கினாலும் பழகிக்கொள்வதில்லை. நேரம் செல்லச் செல்ல நலிவடையவே செய்யும். ஆகவே பெரும்பாலோர் உருளை ஆக்சிஜனைச் சார்ந்தே ஏறுகின்றனர்.

இங்கு ஓர் எளிய கணக்கு உண்டு. வழக்கமாகப் பயன்படும் நான்கு லிட்டர் உருளையில் 300 மடங்கு அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருப்பது ஏறக்குறைய 1,200 லிட்டர். நிமிடத்திற்கு இரண்டு லிட்டர் வீதம் செலவிட்டால் பத்து மணி நேரம் வரும். தெற்குக் கணவாயிலிருந்து உச்சிக்குச் சென்று திரும்பப் பலருக்குப் பத்து மணி நேரத்திற்கு மேலாகும். கயிற்றுப் பாதையில் முன்னே செல்வோருக்காகக் காத்து நிற்க நேர்ந்தால் இன்னும் நீளும். உச்சியை எட்டும் வரைக்கும் கணக்கிட்டால் போதாது; இறங்குவதற்கும், எதிர்பாராத தாமதத்திற்கும் தனியே இருப்பு வேண்டும்.

இரண்டாம் சிகரம் என்றால் இக்கணக்கை மீண்டும் தொடக்கத்திலிருந்து போட வேண்டும். எவரெஸ்டிலிருந்து தளர்ந்து இறங்கியவர், லோட்சே முகாமில் தமக்கென முன்பே கொண்டுவந்து வைத்த உருளைகளும், அவ்வழியில் உடன்வர ஒரு ஷெர்பாவும் இருந்தால்தான் மேலே செல்வதைப் பற்றிச் சிந்திக்கவே முடியும். எனவே ஒப்பந்தத்தில் “ஆக்சிஜன் வழங்கப்படும்” என்ற ஒரு வரி போதாது. ஒவ்வொரு சிகரத்திற்கும் எத்தனை உருளைகள், எந்த முகாமில், யார் பொறுப்பில் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். எங்கள் முன்னிருந்த ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரிதான் இருந்தது.

திரும்பும் நேரத்தை முடிவு செய்பவர் யார் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டிய ஒன்று. குறித்த மணிக்குள் உச்சியை அடையாவிட்டால் எங்கிருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்பது மலையேறுவோரின் விதி. ஆக்சிஜன் குறைந்த மூளைக்கு நிதானமான தீர்ப்பு எளிதன்று. போதாக்குறைக்கு, “இவ்வளவு பணம் கட்டிவிட்டோமே” என்ற எண்ணம் கால்களை மேல்நோக்கியே இழுக்கும். தந்தையின் ஓய்வுக்கால வைப்பையும் ஐந்தாண்டுக் கடனையும் தோளில் சுமந்து செல்பவருக்கு அந்த இழுப்பு இன்னும் வலிதாக இருக்கும் என்று மகனிடம் வெளிப்படையாகவே சொன்னோம். கடனில்லாத பணத்தில் செல்பவர் திரும்பி வருவது எளிது.

கையொப்பமிடுமுன் கேட்க வேண்டியவை

முதலாவது, பருவம் நின்றுவிட்டால் பணம் என்னவாகும்? 2014 ஏப்ரல் 18 அன்று கும்பு பனியருவியில் நேர்ந்த பனிச்சரிவில் நேபாளத் தொழிலாளர்கள் 16 பேர் உயிரிழந்தனர். அப்பருவம் அத்துடன் முடிந்தது. 2015 ஏப்ரல் 25 அன்று ஏற்பட்ட நிலநடுக்கத்தால் அடிவார முகாமையே பனிச்சரிவு தாக்கியது. 2020-இல் கொரோனா பரவலால் மலை மூடப்பட்டது. ஏழு வசந்தங்களில் மூன்று இவ்வாறு போயின. ஆகவே எந்த நிலையில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், இரண்டாம் சிகரத்தை முயலாமலே திரும்பினால் அதற்கான தொகை என்னவாகும் என்பன தெளிவாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, காப்பீடு. சாதாரணப் பயணக் காப்பீடுகளில் பல, மலையேற்றத்தை விலக்குகின்றன. அல்லது குறிப்பிட்ட உயரத்தோடு நின்றுவிடுகின்றன. கயிறும் பனிக்கோடரியும் கொண்டு 8,848 மீட்டர் வரை ஏறுவதற்கும், ஹெலிகாப்டர் மீட்புக்கும் பாதுகாப்பு உண்டா என்பதைக் காப்பீட்டு ஆவணத்திலேயே படித்துப் பாருங்கள். உடன்வரும் ஷெர்பாக்களுக்கும் காப்பீடு உள்ளதா என்று கேளுங்கள்.

மூன்றாவது, பணம் செல்லும் வழி. நேபாளம், பூடான் பயணங்களுக்கு வங்கிகள் அன்னியச் செலாவணி வழங்க இந்திய விதிகள் அனுமதிப்பதில்லை. டாலரில் அனுப்புங்கள் என்று எவரேனும் சொன்னால், உறுதியளிப்பதற்கு முன் கிளைக்கு வந்து கேளுங்கள். இந்திய நிறுவனத்தின் வழியே செல்பவர்கள், நிறுவனத்தின் கணக்கிற்கே ரூபாயில் செலுத்தி, வரி விவரத்துடன் கூடிய ரசீது பெற வேண்டும். தனியொருவரின் சேமிப்புக் கணக்கிற்கோ, கைபேசி எண்ணிற்கோ முன்பணம் அனுப்ப வேண்டா.

படிக்கட்டிலிருந்து பனிமலை வரை

மகன் வாரந்தோறும் அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து ஏறுபவர். அங்கு 3,550 படிகள். ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388. கால்களுக்கும் மூச்சுக்கும் இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் நம் பகுதியில் இல்லை. ஆனால் திருமலையின் உயரம் 900 மீட்டரைத் தொடாது. மதனப்பள்ளியை அடுத்த ஹார்ஸ்லி மலையும் 1,265 மீட்டரே. உயர்மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். தம் உடல் உயரத்தை எவ்வாறு தாங்கும் என்பதைச் சேஷாசலத்தில் எத்தனை முறை ஏறினாலும் ஒருவர் அறிய முடியாது. 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்துவதும், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஓய்வெடுப்பதும் மருத்துவர்கள் கூறும் நெறி. அதையும் இமயத்திற்குச் சென்றே பழக வேண்டும்.

இதற்கு நம் மாநிலத்திலேயே முன்மாதிரி உண்டு. 2014 மே 25 அன்று, ஆந்திரப் பிரதேசம் பிரிவதற்குச் சரியாக எட்டு நாள் முன்பு, சமூகநல உறைவிடப் பள்ளி மாணவர்களான மாலவத் பூர்ணாவும் ஆனந்த் குமாரும் திபெத்தின் பக்கமிருந்து எவரெஸ்டில் ஏறினர். பூர்ணாவுக்கு அப்போது பதினான்கு வயது நிறைந்திருக்கவில்லை. அவர்கள் நேரே எவரெஸ்டுக்குச் செல்லவில்லை. புவனகிரிப் பாறையில் தொடங்கி, டார்ஜிலிங்கில் பனிமலைப் பயிற்சி பெற்று, லடாக்கின் குளிரில் பழகிய பின்னரே சென்றனர். செலவை அரசு ஏற்றது. தமிழ்நாட்டிலிருந்து எவரெஸ்டில் ஏறிய முதல் பெண்ணான முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதத்தில் உச்சியை அடைந்தபோதும், அரசின் நிதியுதவி அவருக்குத் துணை நின்றது.

டார்ஜிலிங்கிலுள்ள இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் 1954-இலும், உத்தரகாசியிலுள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் 1965-இலும் தொடங்கப்பட்டவை. இவற்றின் அடிப்படைப் பயிற்சி ஏறத்தாழ நான்கு வாரங்கள். அதில் நல்ல தரநிலை பெற்றவரே மேல்நிலைப் பயிற்சிக்குத் தகுதியாவார். அதன் பின் ஆறாயிரம், ஏழாயிரம் மீட்டர் சிகரங்கள். அடிப்படைப் பயிற்சிக்கான செலவு, மாத ஊதியக்காரர் ஒருவர் ஓராண்டுத் தொடர் வைப்பில் சேர்த்துவிடக்கூடிய அளவே. விண்ணப்பதாரரிடம் முன் அனுபவம் என்னவென்று கேளாமலே எவரெஸ்டில் இடம் தரும் நிறுவனத்தை நம்புவதற்கு முன் இருமுறை எண்ணுங்கள். மகனின் ஒப்பந்தத்தில் அப்படியொரு கேள்வியே இல்லை.

இவ்வளவும் பேசி முடிக்க ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று. மகன் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, நிறுவனத்திற்கு எழுதிக் கேட்கவேண்டிய கேள்விகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். விடை வந்த பிறகு மீண்டும் வருவதாகக் கூறி இருவரும் விடைபெற்றனர்.

பத்து நாள்கள் கழித்து மகன் மட்டும் வந்தார். நிறுவனம் ஆக்சிஜன் எண்ணிக்கையைத் தரவில்லையாம். அவகாசம் முடிகிறது என்று மட்டும் இருமுறை நினைவூட்டியதாம். அவர் உத்தரகாசி அடிப்படைப் பயிற்சிக்கு விண்ணப்பித்துவிட்டார். மாதம் 8,000 ரூபாய்க்கு ஒரு தொடர் வைப்புக் கணக்கும் தொடங்கினார். நோக்கம் என்னவென்று நாங்கள் கேட்டபோது, “முதலில் ஓர் ஆறாயிரம் மீட்டர்” என்றார். தந்தையாரின் வைப்பு முதிர்வு நாளை நோக்கி இன்றும் எங்கள் ஏட்டில் நிற்கிறது.