தானாக மூடும் கதவு, மெதுவாக ஏறும் நோயாளி

டயாலிசிஸ் முடிந்து நோயாளிகள் வீடு திரும்பும் மாலை வேளையில் எங்கள் மருத்துவமனை முகப்பில் சற்று நேரம் நின்றால் ஒன்று புலப்படும். பின்னால் காத்திருக்கும் வண்டி ஒலி எழுப்ப, ஓட்டுநர் அவசரப்படுகிறார். மகன் மருந்துச் சீட்டைத் தேடுகிறார்; மருமகள் பைகளை அடுக்குகிறார்; பேரன் மறுபக்கமாக ஏறுகிறான். வண்டியின் கதவை மட்டும் ஒருவரும் பார்ப்பதில்லை.

சென்ற மழைக்காலத்தில் அப்படியொரு மாலையில், சோமனூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த மூதாட்டி ஒருவர் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையிலுள்ள தூணைப் பற்றிக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தார். முன்னிருக்கையில் இருந்தவர் பொத்தானை அழுத்திவிட்டார். கதவு நகர்ந்து வந்து விரல்களை நெரித்த பிறகே பின்வாங்கியது. எலும்பு முறியவில்லை. ஆயினும் அவர் இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை உட்கொள்பவர். இரவுக்குள் நகத்தடியில் இரத்தம் கட்டிக் கை வீங்க, மறுநாளே மீண்டும் வர நேர்ந்தது.

நகரும் கதவு நமக்குப் புதியதன்று. 1984 முதல் 2019 வரை தயாரிக்கப்பட்ட மாருதி ஆம்னியில் பள்ளிக்கும் திருமணத்துக்கும் மருத்துவமனைக்கும் செல்லாதவர் கருமத்தம்பட்டி வட்டாரத்தில் அரிது. அந்தக் கதவைக் கையால் இழுக்க வேண்டும். இழுப்பவருக்கு எதிர்ப்பு தெரியும். கியா கார்னிவல், டொயோட்டா வெல்ஃபயர் போன்ற வண்டிகளில் அந்த வேலையை மோட்டார் செய்கிறது. ஏதேனும் தடுத்தால் கதவு திரும்பிவிடும் என்பது உண்மையே. ஆனால் தடை இருப்பதை அது பெரும்பாலும் மோதிய பிறகே உணர்கிறது. கதவு கிட்டத்தட்ட மூடிய நிலையில், இறுதிச் சில மில்லிமீட்டர்களை இழுத்துப் பூட்டும் விசை வலியது. மெல்லிய விரலுக்கு ஆபத்து அங்கேதான்.

இது வெறும் அச்சமன்று. 2023-ஆம் ஆண்டு அமெரிக்காவில், தானியங்கிக் கதவால் காயம் ஏற்பட்டதாகப் புகார்கள் வந்த பின், 51 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்னிவல் வண்டிகளைக் கியா நிறுவனம் திரும்ப அழைத்து, கதவை இயக்கும் மென்பொருளை மாற்றிக் கொடுத்தது. 2016-இல் டொயோட்டா சியன்னா வண்டிகளுக்கு வேறு காரணத்தால் அழைப்பு வந்தது: மின்சுற்றில் ஏற்பட்ட கோளாற்றால், ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்துவிடலாம் என்பது. உங்கள் வண்டிக்கு இத்தகைய அழைப்பு உண்டா என்று சர்வீஸ் நிலையத்தில் வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்கலாம்.

வண்டி எதுவானாலும், ஏறுபவர் நோயாளி என்பதை மறக்கலாகாது. நெடுநாள் நீரிழிவால் விரல்களில் உணர்ச்சி குன்றியவருக்குக் கதவு தொட்டது தெரியாது. கையை இழுத்துக்கொள்ளவும் மாட்டார். டயாலிசிஸ் செய்துகொள்பவர் ஃபிஸ்டுலா உள்ள கையால் கதவையோ தூணையோ பற்றக் கூடாது. சிறுநீர்ப் பையின் குழாய், சேலை முந்தானை, துப்பட்டா, ஊன்றுகோல் ஆகியவற்றைக் கதவின் உணர்விகள் கவனிக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

எங்கள் செவிலியர்கள் வழக்கமாகச் சொல்வது இதுதான்: நோயாளி ஏறும்போது கதவுக்கு ஒருவரே பொறுப்பாளராக இருக்கட்டும். தானியக்கத்தை நிறுத்திவைக்கும் பொத்தான் பல வண்டிகளில் ஓட்டுநருக்கு எட்டும் இடத்தில் இருக்கும். அதை அழுத்திவிட்டுக் கையால் மூடுவது நல்லது. சாவியுடன் கதவருகே சிறிது நேரம் நின்றாலே திறந்துகொள்ளும் வண்டிகளும் உள்ளன. அவற்றுக்கு இது இன்னும் பொருந்தும். அந்த மூதாட்டியின் வீட்டில் இப்போது பேரன்தான் பொறுப்பாளர். “கையெடுத்துட்டீங்களா அப்பத்தா?” என்று அவன் கேட்க, “எடுத்துட்டேன் கண்ணு, சாத்து” என்று அவர் சொன்ன பிறகே கதவு அசைகிறது.

சரிவில் நிறுத்துவதையும் தவிர்க்க வேண்டும். வண்டியின் முன்பக்கம் தாழ்ந்திருந்தால், முழுவதும் பின்னே தள்ளி நிறுத்தப்படாத ஆம்னிக் கதவு தானே உருண்டு வந்து மூடும். கதவு திறக்கும்போதும் கவனம் வேண்டும். அது பின்னோக்கி நகர்கையில், கண்ணாடிக்கு வெளியே நீட்டிய குழந்தையின் கை சிக்கிக்கொள்ளும். அவிநாசி சாலையில் நின்று இறங்க நேர்ந்தால் இடப்பக்கக் கதவையே திறவுங்கள். வலப்பக்கக் கதவு வெளியே நீண்டு தெரியாததால், இறங்குபவர் இருப்பதைப் பின்னால் வருபவர் முன்கூட்டி அறிய முடியாது.

விரல் நசுங்கிவிட்டால் முதலில் மோதிரத்தைக் கழற்றுங்கள். வீங்கிய பின் கழற்றுவது கடினம். துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைத்து, கையை உயர்த்திப் பிடியுங்கள். மஞ்சளோ காப்பித்தூளோ அப்ப வேண்டாம். விரல்நுனி துண்டாகிவிட்டால், காயத்தின் மீது தூய துணியை வைத்து அழுத்திக்கொண்டே 108-ஐ அழையுங்கள். துண்டான பகுதியை ஈரமான தூய துணியில் சுற்றி, நெகிழிப் பையிலிட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியின் மேல் வையுங்கள். பனிக்கட்டி அதில் நேரே படக் கூடாது. நோயாளி உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டையையும் கையோடு கொண்டுவாருங்கள்.