உடல் மெலிகிறது, உடைகள் என்னாவது? கணக்கு வைக்க ஒரு ஒர்க் ஷீட்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கடிதம் எழுத ஒரு புரோகிராம் இருக்கிறது. படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் புரோகிராம்கள் இருக்கின்றன. கட்டம் கட்டமாக வருகிறதே இந்த ஒர்க் ஷீட், இது வீட்டில் இருப்பவர்களுக்கு எதற்கு? அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போடுபவர்களுக்குத்தானே?" என்பார்கள்.

1979ஆம் ஆண்டு ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக விசிகால்க் என்ற ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராம் வெளியானபோது, வியாபாரக் கணக்குதான் அதன் முதல் வேலையாக இருந்தது உண்மைதான். ஆனால் ஓர் எண் மாறினால் அதைச் சார்ந்த மற்ற எண்கள் எல்லாம் தாமாகவே மாற வேண்டும் என்ற தேவை எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் ஒர்க் ஷீட் கைகொடுக்கும்.

என் விஷயத்தில் மாறிக் கொண்டே இருந்த எண், என் உடல் அளவு. உடல் பருமனைக் குறைக்க எனக்கு ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமி என்னும் அறுவை சிகிச்சை நடந்தது. அன்று என் எடை 118 கிலோ. சரியாக ஒரு வருடம் கழித்து 76 கிலோ. மார்புச் சுற்றளவு 50 அங்குலத்திலிருந்து 40 அங்குலத்திற்கு வந்தது. ரெடிமேட் குர்த்தியில் பொதுவாக ஒரு சைஸுக்கு 2 அங்குல வித்தியாசம். அப்படிப் பார்த்தால் ஒரே வருடத்தில் ஐந்து சைஸ்கள் இறங்கியிருக்கிறேன். எதை அணிவது, எதைத் தையல்காரரிடம் கொடுப்பது, எதை வீட்டை விட்டு அனுப்புவது என்ற முடிவுகளுக்கு எனக்குத் துணையாக இருந்தது ஒரே ஒரு ஒர்க் ஷீட். அதை எப்படித் தயாரிப்பது என்று இங்கே பார்ப்போம்.

எடை குறையும் வேகம்

இந்த சிகிச்சையில் இரைப்பையின் ஏறத்தாழ 75 முதல் 80 சதவீதம் வரை நீக்கப்படுகிறது. மிஞ்சுவது சிறிய குழாய் போன்ற பகுதி. உண்ணும் அளவும் பசியும் குறைகின்றன. முதல் ஆறு மாதங்களில் எடை வேகமாக இறங்கும். பின்னர் வேகம் குறைந்து, 12 முதல் 18 மாதங்களுக்குள் பெரும்பாலானோருக்கு ஏறத்தாழ நின்று விடும். 2022ல் சர்வதேச அறுவை சிகிச்சை அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஆசிய மக்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் 27.5க்கு மேல் இருந்தாலே இந்த சிகிச்சை பற்றி யோசிக்கலாம். யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

உடைகளைப் பொறுத்தவரை இதன் பொருள் என்ன? முதல் ஆறு மாதங்களில் வாங்கும் எந்த உடையும் சில வாரங்களுக்குத்தான். ஆகவே அந்தக் காலத்தில் பணம் வீணாகாமல் பார்த்துக் கொள்வதே முதல் வேலை.

பைலைத் தயாரித்தல்

உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். இல்லை என்றால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிப் பதிந்து கொள்ளுங்கள். அதிலுள்ள கால்க் புரோகிராம் இதற்குப் போதும். புரோகிராமைத் திறந்தவுடன் வெற்று ஒர்க் ஷீட் ஒன்று கிடைக்கும். கீழே உள்ள ஷீட் டேபில் டபுள் கிளிக் செய்து, அதற்கு "உடல்" என்று பெயர் கொடுங்கள். அருகிலுள்ள பிளஸ் குறியில் கிளிக் செய்து இன்னொரு ஷீட் பெற்று, அதற்கு "உடை" என்று பெயரிடுங்கள்.

"உடல்" ஷீட்டின் முதல் படுக்கை வரிசையில் தேதி, எடை, மார்பு, இடுப்பு, சீட் என ஐந்து தலைப்புகளை டைப் செய்திடுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் சாப்பிடும் முன் அளந்து பதியுங்கள். தேதி டைப் செய்ய வேண்டியதில்லை. செல்லில் கர்சரை வைத்து, கண்ட்ரோல் கீயை அழுத்தியவாறு செமிகோலன் கீயைத் தட்டினால் அன்றைய தேதி வந்துவிடும்.

எடை மட்டும் போதாதா என்று கேட்கலாம். போதாது. சிகிச்சைக்குப் பின் எடை சில நாட்கள் அசையாமல் நிற்பது பலருக்கும் நடக்கும். மூன்றாவது மாதத்தில் எனக்கு 12 நாட்கள் 101 கிலோவிலேயே முள் நின்றது. மனம் சோர்ந்து போகும் நாட்கள் அவை. ஆனால் அதே 12 நாட்களில் இடுப்பு அளவு ஒன்றரை அங்குலம் இறங்கியிருந்ததை ஷீட் காட்டியது. எடையையும் இடுப்பையும் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் மெனுவில் சார்ட் பிரிவில் கிளிக் செய்து, லைன் வகையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கோடு படுத்துக் கிடக்கும்போது மற்றொரு கோடு இறங்கிக் கொண்டிருப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஒவ்வொரு உடைக்கும் ஒரு வரி

அடுத்து "உடை" ஷீட். முதல் படுக்கை வரிசையில் ஏ முதல் ஜி வரையுள்ள செல்களில் வரிசையாக எண், உடை, இருக்கும் இடம், துணி அளவு, லூஸ், விலை, அணிந்த தடவை ஆகிய தலைப்புகளைக் கொடுங்கள். எச் நெட்டு வரிசையைக் காலியாக விடுங்கள். ஐ1 செல்லில் "இன்றைய மார்பளவு" என்றும், அதற்கு அடுத்த ஜே1 செல்லில் உங்கள் அளவையும் டைப் செய்திடுங்கள்.

துணி அளவை எப்படி எடுப்பது? உடையைத் தரையில் சுருக்கமின்றி விரித்து, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை டேப்பால் அளந்து, அதை இரண்டால் பெருக்குங்கள். லேபிளில் உள்ள சைஸை நம்பிப் பதிய வேண்டாம். ஒரு நிறுவனத்தின் 42 இன்னொரு நிறுவனத்தின் 44 ஆக இருக்கும்.

இனி லூஸ் கணக்கு. ஈ2 செல்லில் சமக் குறி போட்டு, டி2 செல்லில் கிளிக் செய்து, கழித்தல் குறி போட்டு, ஜே1 செல்லில் கிளிக் செய்திடுங்கள். பின் ஜே எழுத்திற்கு முன்னும் 1 என்ற எண்ணிற்கு முன்னும் ஒரு டாலர் குறியை டைப் செய்து என்டர் தட்டுங்கள். இந்த டாலர் குறிதான் முக்கியம். பார்முலாவைக் கீழே உள்ள செல்களுக்குக் காப்பி செய்யும்போது ஜே1 என்பது ஜே2, ஜே3 என்று நகராமல் அது பிடித்து வைக்கும். அடுத்து ஈ2 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய கட்டத்தை மவுஸால் பிடித்துக் கடைசி உடை வரை இழுத்து விடுங்கள். இனி வாரா வாரம் ஜே1 செல்லில் உள்ள ஓர் எண்ணை மட்டும் மாற்றினால் போதும். அத்தனை உடைகளின் லூஸ் கணக்கும் ஒரே நொடியில் மாறிவிடும். பேன்ட், ஸ்கர்ட் போன்றவற்றுக்கு இடுப்பளவை வைத்து இதேபோல் தனி ஷீட் தயாரித்துக் கொள்ளலாம்.

எண் சொல்லும் முடிவு

குர்த்தி, சட்டை போன்றவற்றில் உடலளவை விட 2 முதல் 4 அங்குலம் கூடுதலாக இருந்தால் வசதியாக அணியலாம். இதை வைத்து நான் அமைத்துக் கொண்ட விதிகள்:

2க்குக் கீழே: இன்னும் காலம் வரவில்லை. எடுத்து வைக்கவும்.

2 முதல் 4 வரை: இப்போது அணியவும். அலமாரியில் கண் முன்னே இருக்கட்டும்.

4க்கு மேல் 6 வரை: தையல்காரரிடம் கொடுத்து சைடில் பிடித்துத் தைக்கவும்.

6க்கு மேல்: பிடித்துப் பயனில்லை. ஷோல்டர் இறங்கி, கை தொங்கிவிடும். அதைச் சரிசெய்ய உடையையே பிரித்து வெட்ட வேண்டும். கூலி கட்டுப்படியாகாது.

ஈ நெட்டு வரிசையைத் தேர்ந்தெடுத்து, கால்க் புரோகிராமில் பார்மட் மெனுவில் கண்டிஷனல், கண்டிஷன் எனச் சென்றால், ஒவ்வொரு விதிக்கும் ஒரு நிறம் கொடுக்கலாம். டேட்டா மெனுவில் ஆட்டோ பில்டரை இயக்கினால், இந்த வாரம் அணியக் கூடியவற்றை மட்டும் திரையில் வரவழைக்கலாம். இதில் எனக்குக் கிடைத்த லாபம், நான்கு வருடங்களாகப் போட முடியாமல் பெட்டியில் கிடந்த 9 உடைகள். அவை ஒவ்வொன்றாக 2ஐத் தொட்ட வாரத்தில் வெளியே வந்தன. அந்த வாரங்களில் புதிதாக எதுவும் வாங்கவில்லை.

வாங்கும் முன் ஒரு வகுத்தல்

விலையை அணிந்த தடவைகளால் வகுத்தால், ஒரு தடவை அணிய ஆகும் செலவு தெரியும். 1,400 ரூபாய் குர்த்தி ஒன்றை 6 தடவை அணிவதற்குள் அது தோளில் நிற்காமல் போனது. தடவைக்கு 233 ரூபாய். 450 ரூபாய்க்கு வாங்கிய நாடா வைத்த பேன்ட்டை 30 தடவை அணிந்தேன். தடவைக்கு 15 ரூபாய். இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவை கீழே உள்ள யோசனைகள்.

முதல் சில வாரங்களில் வயிற்றிலுள்ள தையல் இடங்களை அழுத்தாத நைட்டி, தளர்வான உடைகள் போதும். பாவாடை நாடாவை எப்போதிலிருந்து இறுக்கிக் கட்டலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

எடை இறங்கும் காலத்தில் நாடா, எலாஸ்டிக் வைத்தவற்றையே வாங்குங்கள். புடவைக்கு சைஸ் இல்லை. ஜாக்கெட் மட்டுமே மாறும். வேலைப்பாடு செய்த ஜாக்கெட் தைக்க வேண்டுமானால், துணியை வாங்கி வெட்டாமல் வையுங்கள். எடை நின்ற பிறகு தைக்கலாம்.

உள்ளாடையில் மட்டும் சிக்கனம் வேண்டாம். வேகமாக எடை குறையும்போது தோல் தொங்கும். மடிப்புகளில் வியர்வை தங்கிப் புண்ணாகும். சரியான சைஸில், தாங்கிப் பிடிக்கும் பருத்தி உள்ளாடை தேவை.

இரு சக்கர வாகனத்தில் செல்பவர்கள் தொளதொளவென்ற பேன்ட்டும் நீளத் துப்பட்டாவும் அணிய வேண்டாம். சக்கரத்தில் சிக்கும். மோதிரமும் தளரும். நழுவும் முன் கழற்றி வையுங்கள்.

பெரிய உடைகளை என்ன செய்வது?

இதுதான் கடினமான கேள்வி. இதற்கு எந்த பார்முலாவும் கிடையாது. 6க்கு மேல் லூஸான சுடிதார்களை அம்மா மடித்துப் பெட்டியில் அடுக்கிக் கொண்டிருந்தார். "இருக்கட்டும்மா, காசு போட்டு வாங்கினது. எதுக்கும் இருக்கட்டும்" என்றார். அந்த "எதுக்கும்" என்ற சொல்லில் இருந்த பயம் எனக்கும் இருந்தது. மறுபடி எடை ஏறிவிட்டால்?

பயத்திற்கு ஆதாரம் உண்டு. மிகக் குறைந்த எடையைத் தொட்ட பின், அடுத்த சில வருடங்களில் அதில் ஒரு பகுதி திரும்புவது பலருக்கும் நடக்கிறது. ஆனால் அந்தப் பகுதிக்கு 50 அங்குல உடை தேவையில்லை. ஆகவே நானும் அம்மாவும் ஒரு விதிக்கு வந்தோம். இப்போதைய சைஸுக்கு மேலே ஒரு சைஸ் மட்டும் வீட்டில் இருக்கும். அதற்கு மேலே உள்ளவை மூன்று மாதம் பெட்டியில் இருந்து, அதன்பின் வெளியேறும். பெட்டியில் வைத்த தேதிக்கும் ஷீட்டில் ஓர் இடம் கொடுத்தோம். தேதி வந்தால் விவாதம் கிடையாது.

எனக்கு நான்கு மாதம் கழித்து அதே சிகிச்சை செய்து கொண்ட ஒரு பெண்மணிக்குத்தான் பெரும்பாலான உடைகள் சென்றன. பெரிய சைஸில் நல்ல உடை கிடைப்பது எவ்வளவு சிரமம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் தன் அளவைப் போனில் சொல்வார். நான் அதை ஜே1 செல்லில் போட்டு பில்டர் செய்து, பொருந்துபவற்றை அனுப்புவேன். 14 உடைகள் இப்படிப் போயின. அனுப்பும்போது அம்மாதான் ஒவ்வொன்றையும் இஸ்திரி போட்டார்.

பைல் பத்திரம்

வீட்டில் பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்றால், உங்கள் எடை எல்லோர் கண்ணிலும் பட வேண்டியதில்லை. கால்க்கில் சேவ் அஸ் விண்டோவில், பாஸ்வேர்டுடன் சேமிக்கும் பெட்டியில் டிக் செய்திடுங்கள். பாஸ்வேர்டை மறந்தால் பைலைத் திறக்க இயலாது. எனவே அதைத் தனியே எழுதி வையுங்கள். பென் டிரைவில் ஒரு காப்பியும் இருக்கட்டும்.

இப்போது நான் மாதம் ஒருமுறைதான் அளக்கிறேன். பார்ப்பதும் லூஸ் என்ற ஒரே நெட்டு வரிசையைத்தான். வழக்கமாக அணியும் மூன்று உடைகளில் அந்த எண் 2க்குக் கீழே இறங்கினால், பெரிய உடை தேடிக் கடைக்குப் போவதில்லை. சிகிச்சை அளித்த குழுவின் உணவு ஆலோசகரிடம் நேரம் கேட்டு, இந்த ஷீட்டை பிரிண்ட் எடுத்துக் கொண்டு செல்கிறேன். இதுவரை இரண்டு முறை அப்படிச் சென்றிருக்கிறேன். இரண்டு முறையும் அந்த எண் மீண்டும் 2க்கு மேலே வந்துவிட்டது.